மேல் அடுக்கில் ஒரு தட்டு

பிப்ரவரி 11

அன்பு மகனுக்கு,

நேற்று மாலை கடையில் இருந்தவர்கள்: நான், உன் தங்கை குட்டி, உன் மனைவி, கழுத்தில் டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர். வேறு யாரும் இல்லை. பிறகு யாராவது வேறு மாதிரி சொல்லிவிடக்கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இன்ஜின் அறைச் சூட்டில் வேர்க்குரு வந்ததே, போனதா? போனில் பேசினால் உன் குரல் பாதி கடலில் விழுந்துவிடுகிறது. நீ ஒன்றாம் வகுப்பில் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து இப்போது கைகொடுக்கிறது. கடவுள் கிருபையில் இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முட்டி ஒன்றைத் தவிர. பாத்திரத் தொட்டி முன்னால் சற்று நேரம் நின்றால் வீங்கிப்போகிறது. வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாள் மகள் வீட்டோடு போய்விட்டாள். குட்டிக்குப் பரீட்சை. உன் மனைவி, "நான் கழுவுறேன் அத்தை" என்கிறாள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டுப் பாத்திரத்தை அவள் கழுவ நான் எப்படி விடுவேன்?

அவள் அப்பா ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்க்கிறவர். உன் அப்பாவைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்த கை அவருடையது. பணிவான மனிதர், அன்றைக்கு ஒரு காசு கேட்கவில்லை. இருந்தாலும் அந்தக் கை பிசைந்து ஊட்டி வளர்ந்த பெண் சாப்பிட்ட தட்டு என் தட்டோடு உரசினால், எனக்கு அந்த அறையின் வாசனை வருகிறது. நான் என்ன செய்ய? தட்டுதான் வேறே. சோறு ஒரே பானைச் சோறுதானே போடுகிறேன்.

ஆகவேதான் பாத்திரம் கழுவும் மிஷின் பார்க்க அந்தக் கடைக்குப் போனோம். வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உயரம், அகலம், சத்தம், உத்தரவாதம் எல்லாம் ஒன்று. விலையும் ஏறக்குறைய ஒன்று. வெள்ளையில் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் சேர்ந்துதான் ஓடும். சாம்பலில் ஒரு பட்டன் கூடுதல். மேல் அடுக்கை மட்டும் தனியாகக் கழுவலாம், கீழ் அடுக்கை மட்டும் தனியாகக் கழுவலாம்.

நான் விற்பனைக்காரரிடம், "மேல கழுவுன தண்ணி கீழ இருக்கிற பாத்திரத்துல படுமா?" என்று கேட்டேன்.

"தனியா ஓட்டினா படாதும்மா. அந்தத் தண்ணி வடிஞ்சப்புறம்தான் அடுத்த தண்ணி. ஏம்மா, வீட்டுல யாருக்காவது ஒட்டுவாரொட்டி நோயா?"

உன் மனைவி முந்திக்கொண்டாள்: "எனக்குத்தாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து."

அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சமாளிப்பதில் கெட்டிக்காரி.

இரண்டின் விளம்பரத் தாளையும் இதோடு வைத்து அனுப்புகிறேன். எனக்குச் சாம்பல் பிடித்திருக்கிறது. ஆனால் மிஷினைப் பற்றித் தெரிந்தவன் நீ. பார்த்துச் சொல். உனக்காகத் தினமும் விடிகாலையில் பிரார்த்திக்கிறேன்.

அம்மா

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

துறைமுகத்தில் உன் கடிதம் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. வேர்க்குரு போய்ச் சளி வந்திருக்கிறது. ஒன்று இடத்தைக் காலி செய்தால்தானே இன்னொன்று குடிவரும். முட்டிக்கு ஒத்தடம் கொடுப்பதை விடாதே.

விளம்பரத் தாள்களைப் பார்த்தேன். இரண்டுக்கும் பம்ப் ஒன்றுதான், மோட்டார் ஒன்றுதான். தோல்தான் வேறு. எதை வாங்கினாலும் வடிகட்டியை வாரம் ஒரு தடவை கழற்றித் தேய்க்கவேண்டும். உப்புத் தண்ணீராக இருந்தால் அதற்கென்று ஓர் உப்பு விற்கிறார்கள், அதைப் போடவேண்டும்.

எங்கள் கப்பலிலும் இப்படி ஒன்று உண்டு, ஆனால் ராட்சசன். கேப்டன் தட்டு, என் தட்டு, தரையில் எண்ணெய் துடைக்கிறவர் தட்டு, எல்லாம் ஒரே தடவையில் உள்ளே போகும். வெளியே வரும்போது எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. வடிகட்டியைப் பற்றிச் சொல்ல வந்தேன். மறக்காதே.

மிஷின் இரண்டும் ஒன்றுதான் அம்மா. அவள் உடம்பைப் பார்த்துக்கொள். குட்டியை ஒழுங்காகப் படிக்கச் சொல்.

உன் மகன்

மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். உள்ளே இருப்பவரும் சுகம் என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம்தான், இன்னும் அசையாது என்கிறார்கள், ஆனால் நேற்று அசைந்தமாதிரி இருந்தது. குட்டியிடம் சொன்னேன், "வாயுவா இருக்கும் அண்ணி" என்றாள். உங்கள் சளி எப்படி இருக்கிறது? அத்தைக்கு எழுதிய கடிதத்தை அத்தை எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினார்கள். கப்பல் மிஷினைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, "கடல்ல நடக்கிறது கடலோட போகட்டும்" என்று சொல்லிவிட்டு மேலே படித்தார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள். அங்கே வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்வதுதான் வேலை. ஆகையால் என் இடம் எது என்பது எனக்குச் சீக்கிரம் புரியும். என் தட்டு, என் டம்ளர், என் கரண்டி மூன்றும் பின்வாசல் குழாய்க்குப் பக்கத்தில் ஜன்னல் விளிம்பில் இருக்கின்றன. சாப்பிட்டதும் நானே கழுவி, நானே கவிழ்த்துவைக்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் நீங்களும் பார்த்தீர்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோ, அம்மா மாறிடுவாங்க" என்றீர்கள். அப்புறம் கப்பல் ஏறிவிட்டீர்கள்.

கடையில் அந்த வெள்ளை மிஷினைப் பார்த்தபோது எனக்கு என்னவோ கதவு திறந்தமாதிரி இருந்தது. எல்லாம் ஒன்றாக உள்ளே போகும், ஒன்றாக வெளியே வரும். சண்டை போடவேண்டாம், சமாதானம் பேசவேண்டாம். அத்தைக்கும் தோற்றுப்போனமாதிரி இருக்காது, மிஷின் செய்தது என்று போய்விடும். இப்போது நடப்பது வெறும் பழக்கம். பழக்கம் என்றைக்காவது அலுத்துப்போகும். சாம்பல் மிஷின் அலுக்காது. பத்து வருஷ உத்தரவாதத்தோடு வந்து சமையலறையில் உட்கார்ந்துகொள்ளும்.

நகை கேட்டேனா, புடவை கேட்டேனா? வெள்ளையை வாங்கச் சொல்லுங்கள். இந்த வீட்டில் இருக்க முடியுமா முடியாதா என்பது எனக்கு அதில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னால் அத்தை கேட்பார்கள். வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

இருமல் வந்தால் ராத்திரி குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள்.

உங்கள் டோக்கன்

மார்ச் 30

அன்புள்ள டோக்கனுக்கு,

சளி போய்விட்டது. நீ எழுதியதைப் படித்துவிட்டு டெக்கில் போய் நின்றேன். அசைந்தது வாயு இல்லை, என் பிள்ளைதான். குட்டியிடம் நான் சொன்னேன் என்று சொல்.

வெள்ளைதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மாவுக்கும் இந்தத் தபாலிலேயே எழுதிவிட்டேன். இனிமேல் அந்த ஜன்னல் விளிம்பை நினைத்துக்கொண்டிருக்காதே. நல்லதைச் சாப்பிடு, மத்தியானம் படுத்துத் தூங்கு. ஒப்பந்தம் முடிந்ததும் ஓடிவந்துவிடுவேன். அடுத்த துறைமுகத்தில் உனக்கு ஒரு சால்வை பார்த்துவைத்திருக்கிறேன்.

உன்னுடைய நான்

மார்ச் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

சளி குணமாகிவிட்டது. உன் பிரார்த்தனைதான். மிஷின் விஷயத்தில் நான் என்ன சொல்ல? சமையலறை உன்னுடையது, அதில் நிற்கப்போகிற முட்டியும் உன்னுடையது. உனக்கு எது வசதியோ அதை வாங்கு. சாம்பல் என்றால் சாம்பல். அவளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள். இந்த நேரத்தில் மனசு நோகக்கூடாது.

பொருத்த வருகிறவரிடம் தண்ணீர்க் குழாயின் வாஷரைச் சரிபார்க்கச் சொல். அது கசிந்தால் மரப்பலகை ஊறிப்போகும்.

உன் மகன்

ஏப்ரல் 19

அன்பு மகனுக்கு,

நீ திடமாக இருப்பது அறிந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். இங்கே என் முட்டி பாதி தேவலை, ஏனென்றால் மிஷின் வந்துவிட்டது. உன் கடிதம் கிடைத்த மறுநாளே பணம் கட்டிக் கணக்கில் எழுதிவிட்டேன். வாஷரை நானே கூட நின்று பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

ஆட்கள் பெட்டியைப் பிரித்ததும் உன் மனைவி உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். "வெள்ளை இல்லையா அத்தை?" என்றாள்.

"எம் பிள்ளை சாம்பல்னு எழுதியிருக்கான்மா."

"எனக்கு வெள்ளைனு எழுதியிருக்காரே."

"அப்படி எழுதமாட்டான்."

அறைக்குப் போய் உன் கடிதத்தை எடுத்துவந்தாள். நானும் என்னுடையதை எடுத்துவந்தேன். சமையல் மேடைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே தேதி, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. குட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் இன்ஜினுக்கு மட்டுமா எண்ணெய் விடறான்? வீட்டுலயும் ரெண்டு பக்கமும் விடறான்" என்றாள். உன் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, நிறுத்தவே இல்லை. மிஷின் பொருத்த வந்தவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் உன்னைத் தப்பாக நினைக்கவில்லை. பெண்டாட்டிக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வது ஆண்பிள்ளைக்கு அழகுதான். உன் அப்பாவும் தன் அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று சொல்லியே வண்டியை ஓட்டினார். ஆனால் அவர் கெட்டிக்காரர், ஒன்றையும் எழுத்தில் வைக்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம். பெரிய தட்டு மேல் அடுக்கில் நிற்கமாட்டேன் என்கிறது. தலை தட்டுகிறது, அடுக்கு உள்ளே போகவில்லை. கிளாசும் கிண்ணமும்தான் மேலே நிற்குமாம். நம் தட்டுகள் கீழே இருப்பதால் அவளுடையதைக் கீழே வைக்கவும் வழியில்லை. அதனால் அவளுக்கென்று ஒரு சின்னத் தட்டு வாங்கினேன். பூப்போட்டது. நம் தட்டைவிட விலை கூட. அதை மேலே வைத்தால் பிள்ளை மாதிரி நிற்கிறது. முதலில் எங்களுடையது ஓடும், அப்புறம் அவளுடையது மட்டும் தனியாக ஓடும். ஒரு தட்டுக்கு ஒரு தடவை கரண்டும் தண்ணீரும் செலவாகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. போகட்டும், மருமகளுக்குச் செய்வதில் கணக்குப் பார்க்கக்கூடாது.

காலாகாலத்தில் சாப்பிடு.

அம்மா

ஏப்ரல் 21

அன்புள்ள உங்களுக்கு,

சுகம்தானே? நானும் சுகம்.

இரண்டு கடிதத்தையும் பார்த்தேன். உங்களுக்கு என்மேல் பிரியம் இல்லை என்று நினைக்கவில்லை. பிரியம் இருக்கிறது, அது தபாலில் மட்டும் வருகிறது.

உங்கள் அப்பாவின் காகிதங்களில் கையெழுத்துப் போட வந்த அன்றைக்கு என் ஜன்னல் முன்னால் நின்று அழுதீர்கள். எங்கள் அப்பா வெளியே வந்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உங்கள் தோளைத் தொட்டார். நீங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். விடவே இல்லை. நான் அதைப் பார்த்துத்தான் உங்களைக் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

வந்த மிஷின் வந்துவிட்டது, திருப்பவேண்டாம். நீங்கள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எனக்குத் தனியாக, அத்தைக்குத் தனியாக வேண்டாம். ஒரே தாளில், எங்கள் இரண்டு பேருக்கும். "அவள் தட்டையும் கீழ் அடுக்கிலேயே வை அம்மா." இவ்வளவுதான். நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு அஞ்சலட்டையில் மேல்மூலையே போதும்.

காத்திருக்கிறேன்.

டோக்கன்

ஜூன் 6

அன்பு மகனுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லையே, கப்பல் எங்கே இருக்கிறது? தபால்காரர் தெரு திரும்பும்போதே உன் மனைவி வாசலுக்குப் போய்விடுகிறாள். வெறும் கையோடு திரும்புகிறாள். போன வாரம் ஓர் உறையோடு வந்து, "மின்சார பில்லு அத்தை" என்று என்னிடம் கொடுத்தாள். சந்தேகப்பட்டு உறையை இரண்டு தடவை உதறிப் பார்த்தேன், பில்தான்.

நேற்று டாக்டரிடம் அழைத்துப்போனேன். வயிற்றில் இருக்கிற மாதத்துக்குத் தக்க எடை இல்லையாம். டாக்டரம்மா என்னைப் பார்த்து முறைக்கிறார். "என்ன, ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா?" என்று அவளிடம் கேட்டார்.

"தட்டு நிறையச் சாப்பிடறேன் டாக்டர்" என்றாள்.

பொய் சொல்லவில்லை. தட்டு நிறையத்தான் சாப்பிடுகிறாள். சின்னத் தட்டு, கொஞ்சம் போட்டாலே விளிம்பைத் தொட்டுவிடும். ஆனால் மறுபடி கேட்டால் நான் இல்லை என்றா சொல்வேன்? கேட்கவேண்டியது அவள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா" என்று அகப்பையைத் தட்டில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "போதும் அத்தை" என்று எழுந்துவிடுகிறாள். வீம்பு. குட்டிகூட ஒருநாள், "பொம்மை வீட்டுல சாப்பிடற மாதிரி இருக்கு அண்ணி" என்று கேலி செய்தாள். அதற்கு அவள், "பொம்மைக்குப் பசிக்காதே, அது ஒரு வசதி" என்றாள். இப்படிப் பேசுகிற பெண்ணுக்கு யார் என்ன செய்ய முடியும்?

வீட்டில் அமைதியாகத்தான் இருக்கிறது. ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. நீயாவது அவளுக்கு நன்றாகச் சாப்பிடச் சொல்லி எழுது. மிஷின் அருமையாக வேலை செய்கிறது, வடிகட்டியை வாராவாரம் தேய்க்கிறேன்.

அம்மா

ஜூலை 3

அம்மாவுக்கும் அவளுக்கும்,

இந்தத் தடவை இருவருக்கும் சேர்த்து ஒரே தாளில் எழுதுகிறேன். கேட்டபடி. நடுக்கடலில் கப்பல் பழுதாகி, இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினார்கள், அதனால்தான் இவ்வளவு தாமதம். இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலை இல்லாத நேரமெல்லாம் இதையே யோசித்தேன். கடைசியில் வழி கண்டுபிடித்துவிட்டேன்.

மேல் அடுக்கின் இரண்டு பக்கமும் சக்கரம் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு கொக்கி. அடுக்கை வெளியே இழுத்துவிட்டு இரண்டு கொக்கியையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் அடுக்கு ஒரு படி கீழே இறங்கும். விளம்பரத் தாளில் இதைப் போடவில்லை, ஆனால் படத்தில் சக்கரத்துக்கு இரண்டு துளை தெரிகிறது. கீழே படம் வரைந்திருக்கிறேன். அப்படி இறக்கிவிட்டால் பெரிய தட்டு மேல் அடுக்கிலேயே தாராளமாக நிற்கும். அம்மாவுக்கும் கஷ்டமில்லை, அவளுக்கும் பெரிய தட்டு. யாரும் யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்கவேண்டியதில்லை.

ஒரே பக்கத்தை மட்டும் அமுக்காதீர்கள், அடுக்கு கோணிக்கொள்ளும்.

சால்வையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவள் நன்றாகச் சாப்பிடவேண்டும்.

உங்கள் பிரியமான நான்

ஜூலை 15

உங்களுக்கு,

படம் கிடைத்தது. அத்தை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து ஒரே நேரத்தில் அமுக்கினோம். அடுக்கு இறங்கியது. "எம் பிள்ளைக்கு என்ன மூளை!" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இத்தனை மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை இது ஒன்றுதான்.

பெரிய தட்டு நிற்கிறது. சால்வையும் வந்தது, நல்ல நிறம். இங்கே வெயில் அதிகம் என்பதால் பெட்டியில் வைத்துவிட்டேன்.

எனக்குப் பசி போய்விட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவின் மருமகள்

ஆகஸ்ட் 4

அன்பு மகனுக்கு,

உனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பயப்படாதே. காலம் ஆகுமுன்னே வந்துவிட்டது, கையளவுதான் இருக்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உன் மனைவியும் பிழைத்துக்கொண்டாள், ரத்தம் ஏற்றினார்கள். யாருடைய ரத்தமோ, கேட்கவில்லை. உயிர்போகிற நேரத்தில் அதையெல்லாம் பார்க்கக்கூடாது என்று எனக்கும் தெரியும்.

குழந்தையை முதன்முதலாகக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தபோது அறையில் இருந்தவர்கள்: நான், குட்டி, நர்ஸ், கட்டிலில் உன் மனைவி, அவள் அப்பா. அவர் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில்தானே வேலை செய்கிறார், கேள்விப்பட்டு ஓடிவந்திருக்கிறார். சட்டை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. முறை தெரிந்த மனிதர்.

அந்த நர்சுக்கு அது தெரியவில்லை. "வாங்க தாத்தா, ஏன் அங்கேயே நிக்கறீங்க?" என்று கூப்பிட்டு, குழந்தையை நேரே அவர் கையில் வைத்துவிட்டாள். அவர் இரண்டு உள்ளங்கையையும் குவித்து ஏந்திக்கொண்டார். எத்தனையோ பேரைத் தூக்கிய கைதான், இவ்வளவு கனமில்லாத ஒன்றைத் தூக்கிப் பழக்கமில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "அம்மா, நீங்க வாங்கிக்கங்க. உங்க வீட்டுப் பிள்ளை."

எனக்கு எடுத்துக்கொள்ள ஆசை இல்லையா? என் பிள்ளையின் பிள்ளை. ஆனால் அந்தக் கையிலிருந்து எப்படி வாங்க? நான் என் முந்தானையை மேசைமேல் விரித்து, "கீழ படுக்க வைங்க. நான் எடுத்துக்கறேன்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவரும் ஒன்றும் நினைக்காமல் குனிந்தார்.

கட்டிலிலிருந்து உன் மனைவி, "அப்பா, வைக்காதீங்க" என்றாள். குரலே எழும்பாமல் கிடந்தவள்.

"அத்தை சொல்றாங்கம்மா."

"நீங்களே வெச்சுக்கங்க. மேசையில வைக்கறதுக்கு அது தட்டு இல்ல."

நர்ஸ் என் முகத்தைப் பார்க்கிறாள். குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை மாதம் வாயைத் திறக்காதவள், வேற்று மனுஷி முன்னால் இப்படிப் பேசுகிறாள். போகட்டும் என்று நான் பொறுத்துக்கொண்டேன். பிள்ளை பெற்றவள், உடம்பில் ஒன்றும் இல்லை. இன்னும் நான் குழந்தையைத் தூக்கவில்லை என்பதை மட்டும் உனக்குச் சொல்லிவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள். அவள் நேராக அவள் அப்பா வீட்டுக்குப் போகிறாளாம். "அவர் என்ன எழுதறார்னு பாத்துட்டு, அப்புறம் வரதா வேண்டாமானு சொல்றேன் அத்தை" என்று அமைதியாகச் சொன்னாள். நான் என்ன குறை வைத்தேன்? தொட்டில் வாங்கியாகிவிட்டது. அவள் அறைக்குத் திரைச்சீலை மாற்றியாகிவிட்டது.

அவள் குழந்தையோடு இங்கே வருவதற்குமுன் நீ சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இல்லை. தாய்ப்பாலை எடுத்து பாட்டிலில்தான் கொடுக்கவேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் பாட்டிலைக் கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரில் கழுவவேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு சின்னக் குழந்தைக்கு வயிற்றில் நோய் வந்துவிடும் என்கிறார்கள். நான் மிஷின் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். அவ்வளவு சூடு கீழ் அடுக்குக்குத்தான் உண்டு. மேல் அடுக்கைத் தனியாக ஓட்டினால் வெதுவெதுப்புதான். அடுப்பில் கொதிக்கவைக்கலாம் என்றால், எந்தப் பாத்திரத்தில்?

குழந்தை நம் ரத்தம். பாட்டில் அதனுடையது. அதைக் கீழே நம் தட்டுகளோடு வைக்க எனக்குத் தடை இல்லை. ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் பால் அவளுடையது. இரண்டு ராத்திரியாகப் பிரார்த்தனையில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன், எனக்கு உத்தரவு வரவில்லை. அவளிடம் கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "உங்க பிள்ளையையே கேளுங்க" என்றாள்.

அதனால் கேட்கிறேன். இந்தத் தடவை பம்ப், கொக்கி, படம் எதுவும் வேண்டாம். பாட்டிலை மேலே வைப்பதா, கீழே வைப்பதா? சீக்கிரம் பதில் எழுது.

அம்மா